டாக்னி திறந்து வைத்த வால்வுகள்

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆறின பிறகு எழுதலாம் என்று பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை. இனி ஆறாது என்று தெரிந்துவிட்டதால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் நோர்விக் படகுச் சங்கத்தில் போய் டாக்னி எங்கே என்று கேட்டால், "யாரு, பச்சைத் தண்ணி டாக்னியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். சங்கத்தில் வேறு டாக்னி கிடையாது. இருந்தாலும் கேட்பார்கள். அந்த அடைமொழி இல்லாமல் அவள் பெயரைச் சொன்னால் வாய்க்கு ருசிக்காது போலிருக்கிறது. நேற்றுச் சேர்ந்த புது உறுப்பினர்கூட முதல் வாரத்திலேயே அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டுவிடுகிறார். பாய்மர முடிச்சு போடக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு கோடை முழுக்க ஆகும், இதற்கு மட்டும் ஒரு காபி நேரம் போதும்.

டாக்னி ஊருக்குள் பஸ் ஓட்டுகிறவள். ரயில் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து துறைமுகம், மறுபடி ரயில் நிலையம். அறுபதைத் தாண்டிவிட்டாள். பிறந்தது கடலோரத்தில் இல்லை, உள்நாட்டில், மரம் அறுக்கும் ஆலை ஒன்றைச் சுற்றி வளர்ந்த ஊரில். அப்பா மரலாரி ஓட்டினார். கல்யாணமாகி இங்கே வந்தாள், கணவன் ஒருநாள் வேறொருத்தியோடு தெற்கே போய்விட்டான். அவன் போன வருஷமே அவள் படகு வாங்கினாள். பழைய பாய்மரப் படகு, உள்ளே பூசணம் பூத்துக் கிடந்தது, பெயர் மட்டும் நன்றாயிருந்தது: தேர்னா. ஆலா என்ற கடற்பறவையை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

"என்னத்துக்கு இவ்வளவு பெரிய படகு, தனி ஆளுக்கு?" என்று நான் கேட்டேன். பக்கத்து இடம் என்னுடையது, அப்படித்தான் பழக்கம்.

"போனவன் குறட்டை விடுவான், விவி. இது விடாது," என்றாள்.

வருஷம் முழுக்க அவள் பஸ் ஓட்டுவது ஜூலை மாசத்துக்காக. ஜூலையில் அவளுக்கு லீவு. தேர்னாவில் தனியாக வெளித்தீவுகளுக்குப் போய்விடுவாள். அங்கே ஆள் கிடையாது, பாறையும் பறவையும்தான். மீன் பிடிப்பாள், உருளைக்கிழங்கு வேக வைப்பாள், யாருக்கும் எந்த நிறுத்தத்தின் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வரும்போது மூக்கு உரிந்து, கிட்டத்தட்ட பேச மறந்தவளாக வருவாள். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஜூலை வரை ஓட்டிவிடுவாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

இப்போது அந்தப் பச்சைத் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கடல் கார் ஓட்டுகிற அளவுக்கு உறையும். படகின் இஞ்சினோ கடல் தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் வயிற்றுக்குள் தங்கிவிட்டால் குளிர்காலத்தில் உறைந்து, பருத்து, இரும்பையே பிளந்துவிடும். அதனால் அக்டோபரில் படகைக் கரையேற்றியதும் உள்ளேயிருக்கும் தண்ணீரை எல்லாம் வெளியேற்ற வேண்டும், முடியாத இடத்தில் உறையாத பச்சை நிறக் கூலண்டை நிரப்ப வேண்டும். வசதி உள்ளவர்கள் ஆள் வைத்துச் செய்துகொள்வார்கள். எங்கள் சங்கம் அப்படிப்பட்டவர்களுக்கானது இல்லை. அவரவர் படகு, அவரவர் கை. சங்க விதிகளில் முதல் வரியே அதுதான்.

தேர்னாவை வாங்கிய வருஷம், டாக்னிக்கு அது முதல் குளிர்காலம். எப்படிச் செய்வது என்று கேட்டாள். கேட்டது தப்பா? சங்கத்தின் படகுத்துறைப் பொறுப்பாளன் ஈவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். "ரொம்ப சுலபம், கண்ணு. வாளியில கூலண்ட ஊத்து. குழாய அதுல போடு. இஞ்சின ஓடவிடு. பின்னால பச்சையா வந்துச்சுன்னா நிறுத்திடு." அவள் அப்படியே செய்தாள். உடனே பச்சையாக வந்தது. நிறுத்திவிட்டாள்.

இஞ்சினை முதலில் நன்றாகச் சூடாக்க வேண்டும் என்று ஈவர் சொல்லவில்லை. சூடாகாத இஞ்சினில் தெர்மோஸ்டாட், சூட்டில் மட்டும் திறக்கும் அந்தச் சின்னக் கதவு, மூடியே இருக்கும். கூலண்ட் வயிற்றுப் பக்கம் போகாமல் ஓரமாக ஓடிப் பின்வழியாக வந்துவிடும். பார்க்கிறவருக்குப் பச்சை, உள்ளே கடல் தண்ணீர். வசந்தத்தில் டாக்னியின் இஞ்சின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குப் பிளந்து கிடந்தது.

அது யார் சொல்லிச் செய்தது என்பதை மறுநாளே எல்லோரும் மறந்துவிட்டார்கள். யார் செய்தது என்பதை மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. இதே தப்பைச் சில வருஷம் கழித்துத் தோர்ஸ்டனும் செய்தான். அதே பச்சைத் தண்ணீர், அதே பிளவு. அவனை யாரும் பச்சைத் தண்ணி தோர்ஸ்டன் என்று கூப்பிடுவதில்லை. தலைவர் என்று கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் அவன்தான் இப்போது எங்கள் சங்கத் தலைவன்.

டாக்னி அந்தப் பிளவுக்குப் பிறகு யாரையும் எதையும் கேட்பதில்லை. வேறொரு பழைய இஞ்சினைத் தேடிப்பிடித்து, நூலகத்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, தானே பொருத்தினாள். அன்றிலிருந்து ஒவ்வோர் அக்டோபரும் அவள் வேலை செய்வதை நான் பக்கத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்திய என் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் நல்ல தண்ணீரில் இஞ்சினை ஓடவிடுவாள். தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். கையை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால்தான் குழாயைக் கூலண்ட் வாளிக்கு மாற்றுவாள். பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவாள், அது குளிர்காலம் முழுக்க அவள் சமையலறை ஜன்னலில் ஒரு ஜாம் பாட்டிலுக்குள் இருக்கும். பேட்டரிகள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில். குடிதண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, குழாய்களைத் திறந்துவிட்டு, மிச்சம் மீதி தங்காமலிருக்க ரப்பர் குழாயில் வாயை வைத்து ஊதுவாள். கன்னம் இரண்டும் உப்பும். எனக்குச் சிரிப்பு வரும், அவளுக்கு வராது. கழிவறைப் பம்புக்கும் கூலண்ட். மெத்தைகள் எல்லாம் வீட்டுக்கு.

கடைசியில் வால்வுகள். படகின் அடிவயிற்றில் ஓட்டைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. ஒன்று இஞ்சின் தண்ணீர் உறிஞ்ச, ஒன்று பாத்திரம் கழுவும் தொட்டிக்கு, இரண்டு பின்பக்கம் சுக்கான் பிடித்து உட்காரும் பள்ளத்தில் விழும் மழைத் தண்ணீர் வடிய. படகு கரையில் இருக்கும்வரை எல்லா வால்வும் திறந்திருக்க வேண்டும். மூடினால் குழாய்க் கழுத்தில் தண்ணீர் தேங்கி உறைந்து உடைத்துவிடும். மே மாதம் கிரேன் படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் எல்லாவற்றையும் மூட வேண்டும். இது படகு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த பாடம். டாக்னி இதோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தாள். இஞ்சின் சாவியை இஞ்சின் வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவிடுவாள். வசந்தத்தில் சாவி வேண்டுமானால் வால்வில் கை வைத்தே ஆகவேண்டும்.

"என் தலையை நான் நம்பறதில்ல, விவி. நாள் பூரா அதுல நிறுத்தம் பேரா ஓடிக்கிட்டிருக்கு. கை மறக்காது," என்பாள்.

ஈவரைப் பற்றியும் சொல்லவேண்டும். டயர் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவன். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. கரையேற்றும் நாளில் எல்லோருக்கும் சாசேஜ் சுடுவான், தன் கையாலேயே ஏலக்காய் பன் செய்து கொண்டுவருவான். எந்தப் பெண்ணாக இருந்தாலும் அவனுக்குக் 'கண்ணு'தான். எனக்கும் அவனைப் பிடிக்கும். அதுதான் எரிச்சலே. கெட்டவனாக இருந்தால் நான்கு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம்.

போன வருஷத்துக்கு முந்தின அக்டோபரில் டாக்னி வேலையை முடித்து ஏணியில் இறங்கும்போது ஈவர் கீழே நின்றிருந்தான்.

"என்ன டாக்னி கண்ணு, இந்த வருஷமாவது இஞ்சின சூடு பண்ணினியா?"

"பண்ணினேன்."

"வேணும்னா நான் ஒருதரம் மேல ஏறிப் பாத்துடறேன்."

"வேண்டாம்."

"சும்மா ஒரு பார்வைதான். என்ன கெட்டுப்போச்சு?"

"உன் இஞ்சின நீ சூடு பண்ணிட்டியா, ஈவர்?"

பாதிரியாரைப் பார்த்து ஜெபம் பண்ணத் தெரியுமா என்று கேட்டதுபோல் அவன் சிரித்தான். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். டாக்னி ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

படகுகளைக் கரையேற்றி நிறுத்தும் எங்கள் முற்றத்தில் குளிர்காலத்தில் யாரும் படகைப் பூட்டுவதில்லை. பூட்டினால் திருடன் கதவை உடைப்பான், பூட்டாவிட்டால் உள்ளே வந்து ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுப் போய்விடுவான். தலைமுறைகளாக அப்படித்தான். திருடனுக்காக யோசித்து வைத்த பழக்கம் இது. நல்லவர்கள் உள்ளே வந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

ஜனவரியில் ஒரு புயல் வந்து பாதிப் படகுகளின் தார்ப்பாயைக் கிழித்தது. தேர்னாவின் பின்பக்கமும் கிழிந்து, உட்காரும் பள்ளத்தில் பனி குவிந்தது. டாக்னி வந்து தார்ப்பாயை முடிந்தவரை இழுத்துக் கட்டினாள். பனியை அள்ளிப் போடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? இளகினா தானா வடிஞ்சிடும். அதுக்குத்தானே ஓட்டை," என்றாள். சரிதானே. பிப்ரவரியில் இளகவும் செய்தது, ஒரு வாரம் மழை பெய்தது. பிறகு மறுபடி கடுங்குளிர்.

ஏப்ரலில் தார்ப்பாயைப் பிரிக்க வந்தோம். டாக்னி உள்ளே இறங்கினாள். நான் என் படகில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரமாக அவள் சத்தமே இல்லை. போய் எட்டிப் பார்த்தேன். தரைப் பலகைகள் மிதந்துகொண்டிருந்தன. பனிக்கட்டியும் எண்ணெயும் கலந்த கருப்புத் தண்ணீருக்குள் இஞ்சின் இடுப்பளவு நின்றிருந்தது. பள்ளத்தின் வடிகுழாய் கழுத்தோடு வெடித்து, இளகின தண்ணீர் அத்தனையும் இஞ்சின் அறைக்குள் போயிருக்கிறது. அங்கேயே உறைந்து, இளகி, மறுபடி உறைந்து. டாக்னி அதில் முழங்கால் வரை நின்றுகொண்டு கையை நீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"வால்வு மூடியிருக்கு," என்றாள்.

"எது?"

"எல்லாமே. சாவியும் கைப்பிடில இல்ல."

சாவி படியோரத்தில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அழகாக, நேராக, வீட்டுச் சாவியை மாட்டுகிற மாதிரி.

அதற்குள் கீழே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வசந்த வேலைக்கு வந்த சனிக்கிழமைக் கூட்டம். தோர்ஸ்டன் எட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, மறுபடியுமா?" என்றான். பின்னால் யாரோ பச்சைத் தண்ணீர் என்று ஏதோ முணுமுணுத்ததும் நாலு பேர் அடக்கிக்கொண்டு சிரித்ததும் எனக்குக் கேட்டது. டாக்னிக்கும் கேட்டிருக்கும். அப்போது ஈவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முகத்தில் அப்பட்டமான வருத்தம்.

"அய்யோ கண்ணு. அப்பவும் இப்படி ஆயிடுச்சா? நான்தான் நவம்பர்லயே வந்து எல்லா வால்வையும் மூடி வெச்சேனே."

நான் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தேன்.

"நீயா மூடினே?"

"ஆமா. ஒரு சுத்து பாக்க வந்தேன். பாத்தா எல்லாம் ஆன்னு தெறந்து கெடக்குது. பாவம், மறந்துட்டா போல, மே மாசம் இப்படியே எறக்கினா நேரா அடிக்குப் போயிடும்னு..."

"மறந்துட்டான்னு உனக்கு யாரு சொன்னா?"

"தெறந்து கெடந்துச்சே, விவி."

"கரையில இருக்கற படகு வேற எப்படிக் கெடக்கும்?"

 விஷயம் மெல்ல அவன் தலைக்குள் இறங்குவது முகத்தில் தெரிந்தது. கன்னம் சிவந்தது. டாக்னி வெளியே வந்து ஏணியின் மேலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சாவியை ஏன் எடுத்தே?"

"தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கீழ விழுந்து தொலைஞ்சிடுமேன்னு ஆணியில மாட்டினேன். நல்லது நெனச்சுதானே செஞ்சேன்." அவன் குரல் தழுதழுத்துவிட்டது.

அவ்வளவுதான். தழுதழுத்ததும் கூட்டம் முழுக்க அவன் பக்கம் திரும்பிவிட்டது. ஒருவர் தோளில் தட்டினார். இன்னொருவர், "மனசுல வெச்சுக்காதே ஈவர், நீ நல்ல எண்ணத்துலதான் செஞ்சே," என்றார். யாரோ ஓடிப்போய் சங்க வீட்டிலிருந்து சூடாகக் காபி கொண்டுவந்தார்கள். மூழ்கியது டாக்னியின் இஞ்சின், காபி போனது ஈவருக்கு. அவள் கருப்புத் தண்ணீரில் நனைந்த கால்சட்டையோடு ஏணியின் மேலேயே நின்றிருந்தாள். என் ஃபிளாஸ்க்கில் இருந்ததை நான்தான் அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன், அதுவும் ஆறிப்போயிருந்தது.

நல்ல எண்ணம் என்ற வார்த்தையை நான் அன்றிலிருந்து வெறுக்கிறேன். கேட்காத இடத்தில் கை வைத்து, வேண்டாம் என்று சொன்ன பிறகும் கை வைத்து, அவள் மறக்காமலிருக்க வைத்த சாவியையே எடுத்து வேறிடத்தில் மாட்டிவிட்டு, அப்புறம் நல்ல எண்ணமாம். கெட்ட எண்ணத்தோடு வந்தவன்கூடப் பேட்டரி இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பான்.

அந்த வருஷம் ஜூலையில் எல்லாப் படகும் போய்விட்டது, காலி முட்டுகளுக்கு நடுவே தேர்னா மட்டும் நின்றது. சுற்றிலும் முழங்காலுயரப் புல். டாக்னி தன் லீவு முழுவதையும் அங்கேயே கழித்தாள். இஞ்சினைத் துண்டு துண்டாகக் கழற்றி வீட்டுக்குச் சுமந்தாள், துரு எடுத்தாள், எண்ணெயில் ஊற வைத்தாள், மறுபடி சுமந்துகொண்டு வந்து பூட்டினாள். நான் வெளித்தீவுகளிலிருந்து திரும்பியபோது புகைபோட்ட மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன். நகக்கண்ணெல்லாம் கருத்துப்போன கையால் அதைப் பிய்த்துத் தின்றுகொண்டே, "அங்க எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"மோசம். காத்தே இல்ல. கொசு பிடுங்கித் தின்னுடுச்சு."

உண்மையில் அத்தனை நல்ல ஜூலை எங்களுக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. அவளும் பஸ் ரேடியோவில் வானிலை கேட்கிறவள்தான். முள்ளைத் துப்பினாள்.

ஈவர் ஒருநாள் பன் கொண்டுவந்தான். இஞ்சினைப் பூட்ட உதவுகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். பன்னை மட்டும் வாங்கிக்கொண்டாள், அதுவே பெரிய மனசு. அவன் போய், "அவ இன்னும் மனசுல வெச்சிருக்கா," என்று துறைமுகம் முழுக்கச் சொல்லி வருத்தப்பட்டான். கோடை முடிவதற்குள் சங்கத்தில் தப்பு செய்தவள் டாக்னி, மன்னிக்காதவளும் டாக்னி என்றாகிவிட்டது.

அக்டோபரில் அவள் எப்போதும்போல வேலையை முடித்தாள். திரும்ப உயிர் வந்த இஞ்சினைச் சூடாக்கினாள், உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், கூலண்ட் கொடுத்தாள், குழாய்களை ஊதினாள். வால்வுகளைத் திறந்து வைத்தாள். சாவியைக் கைப்பிடியில் மாட்டினாள். அடுத்த வாரம் பொதுக்கூட்டத்துக்கான அறிவிப்பு வந்தது. அதில் ஒரு தீர்மானம்: இருமுறை குளிர்காலச் சேதம் கண்ட படகுகளின் வேலையை இனி சங்கத்தின் உதவிக் குழு வந்து செய்து தரும், அதற்குச் சம்மதிக்காதவர்களுக்கு முற்றத்தில் இடம் கிடையாது. பெயர் எதுவும் போடவில்லை, நாகரிகம். இருமுறை சேதம் கண்ட படகு சங்கத்திலேயே ஒன்றுதான். உதவிக் குழுவுக்குத் தலைவன் ஈவர்.

முற்றத்தில் இடமில்லை என்றால் படகை விற்க வேண்டும். டாக்னியின் வீடு மருந்துக் கடைக்கு மேல் இரண்டாவது மாடி. அங்கே படகை நிறுத்த முடியாது. இடம் வேண்டுமென்றால் ஒவ்வோர் அக்டோபரிலும் ஈவர் அவள் படகுக்குள் இறங்கி, அவள் திறந்ததை மூடி, மாட்டியதை எடுத்து, கண்ணு கண்ணு என்று சொல்லிக்கொண்டிருப்பான். நான் போனில் கத்தினேன். அவள், "ஞாயித்துக்கிழம கூட்டத்துக்கு வருவேல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் ஞாயிறு, மதியம். ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது. சங்க வீட்டு வாசலில் எல்லோரும் ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே உட்கார்ந்திருந்தோம். காபி, ஈவரின் ஏலக்காய் பன். தோர்ஸ்டன் தீர்மானத்தை வாசித்தான். ஈவர் எழுந்து பேசினான்.

"யாரையும் குத்திக் காட்டறதுக்கு இல்ல இது. நம்ம சங்கத்துல தனியா இருக்கறவங்க இருக்காங்க. எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கறது யாருக்கும் கஷ்டம்தான். ஒரு கை குடுக்கலாம்னுதான்."

தலைகள் ஆடின. நான் இரண்டு இரவாக மனப்பாடம் பண்ணிய பேச்சோடு எழுந்திருக்கப் போனேன். டாக்னி என் முழங்காலில் கையை வைத்து அழுத்திவிட்டுத் தான் எழுந்தாள்.

"ஈவர், இன்னிக்குக் காலையில உன் படகுப் பக்கமா வந்தேன்."

"சரி, வந்தே, அதுக்கென்ன?"

"ஏணி சாத்தியிருந்துச்சு. கதவும் பூட்டல. சும்மா ஒரு பார்வை பாக்கலாம்னு தோணிச்சு."

ஈவர் சிரித்தான், ஆனால் அவ்வளவு பெரிதாக இல்லை.

"உன் வால்வெல்லாம் ஆன்னு தெறந்து கெடக்குது," என்றாள் டாக்னி. "மே மாசம் மறந்துட்டு அப்படியே எறக்கிடுவியோன்னு பக்குன்னு ஆயிடுச்சு. உனக்கும் வயசாகுதில்ல."

"என்ன பண்ணினே?"

"நல்லதுதான் நெனச்சேன்."

"டாக்னி, என்ன பண்ணினே நீ? நான் இன்னும் தார்ப்பாய் கட்டல. பள்ளம் பூரா பனி விழுந்துக்கிட்டிருக்கு."

அவள் உட்கார்ந்து காபியை எடுத்துக்கொண்டாள். ஈவர் ஜன்னலைப் பார்த்தான். வெளியே பனி கொழகொழவென்று விழுந்துகொண்டிருந்தது. அடுத்த நொடி அவன் நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடினான். ஷூவைக்கூடப் போடவில்லை. எழுபதை நெருங்கும் ஆள் சாம்பல் நிறக் காலுறையோடு ஈரப்பனியில் முற்றத்தைக் கடந்து, இரண்டு இரண்டு படியாக ஏணியில் ஏறித் தன் படகுக்குள் மறைவதை அறை முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வந்தான். மூச்சு வாங்கியது. காலுறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெறந்துதான் இருக்கு," என்றான்.

"ஆமா," என்றாள் டாக்னி.

"நீ தொடவே இல்லியா?"

"உன் படக நான் ஏன் தொடணும்? நான் ஏணியில கால்கூட வெக்கல. கரையில நிக்கற படகு, தெறந்துதான் இருக்கும்."

"பின்ன எதுக்கு என்னை இந்தப் பனியில ஓட விட்டே? நான் மறந்துட்டா தெறந்து வெச்சிருக்கேன்? வேணும்னுதானே தெறந்து வெச்சிருக்கேன்?" முதல்முறையாக அவன் குரலில் கோபம் இருந்தது. நல்ல, நியாயமான கோபம்.

"நானும் வேணும்னுதான் தெறந்து வெச்சேன், ஈவர்."

 ஈவர் அங்கேயே நின்றான்.  அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், இத்தனை வருஷத்தில் அவளை முதல்முறையாகப் பார்ப்பவன்போல. பிறகு தோர்ஸ்டன் பக்கம் திரும்பி, "அந்தத் தீர்மானத்த எடுத்துடு," என்றான். "ஓட்டெல்லாம் வேண்டாம், எடுத்துடு." தோர்ஸ்டன் காகிதத்தைப் புரட்டிவிட்டு, படகுத்துறைப் பலகைக்கு வண்ணம் பூசுவது பற்றி வாசிக்க ஆரம்பித்தான்.

அதோடு என் கோபம் போயிருக்க வேண்டும். போகத்தான் பார்த்தது. கூட்டம் முடிந்து வாசலில் குனிந்து ஷூவைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் தோர்ஸ்டன் தன் ஷூவைப் போட்டுக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னான்.

"என்ன போடு போட்டா பாத்தியா, நம்ம பச்சைத் தண்ணி டாக்னி."

"உனக்கும் ஒரு வருஷம் பச்சையா வந்துச்சே, தோர்ஸ்டன்," என்றேன். "உன்னை நாங்க என்னன்னு கூப்பிடறது?"

அவன் நிமிரவில்லை. லேஸைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தான்.